தீரன் சின்னமலை

தீரன் சின்னமலை (ஏப்ரல் 17, 1756 – ஜூலை 31, 1805) கொங்கு நாட்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட பாளையத் தலைவர் ஆவார். இவரது இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூர் அரசர் திப்பு சுல்தானுக்குத் துணையாகக் கொங்குப் படையுடன் சென்று போரிட்டவர். திப்புவின் மறைவுக்குப் பின் அறச்சலூருக்கு அருகில் உள்ள ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கம்பெனிப் படைகளை எதிர்த்து நின்றார். சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

தென்னாட்டுப் பாளையக்காரர் பலரிடமும் வாளும் வேலும் நாட்டுத் துப்பாக்கியும் இருந்தன. சின்னமலையின் வரலாற்றில் தனித்துத் தெரிவது, துப்பாக்கியையும் பீரங்கியையும் வெளியிலிருந்து வாங்குவதோடு நில்லாமல் தம் ஊரிலேயே செய்யவும் பழுது பார்க்கவும் ஏற்பாடு செய்தார் என்பதாகும். ஆகவே இக்கட்டுரையில் அவரது வாழ்க்கையோடு, அக்காலத் துப்பாக்கி எவ்வாறு இயங்கியது, அதை வைத்துப் பேணுவதில் என்ன சிக்கல்கள் இருந்தன என்பனவும் சற்று விரிவாகவே கூறப்படுகின்றன.

பிறப்பும் குடும்பமும்

காங்கேயத்துக்கு அருகில் உள்ள மேலப்பாளையத்தில் இரத்தினசாமி, பெரியாத்தா இணையருக்குத் தீர்த்தகிரி பிறந்தார். அவ்வூர் இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. இக்குடும்பம் பழையகோட்டைப் பட்டக்காரர் மரபைச் சேர்ந்தது. சர்க்கரை மன்றாடியார் என்பது இம்மரபினரின் பட்டப்பெயர். காங்கேயம் காளை இனத்தைப் பேணி வளர்த்ததற்காகப் பிற்காலத்தில் பெயர் பெற்றதும் இதே பழையகோட்டைக் குடும்பமே.

உடன்பிறந்தவர்களில் பெரியதம்பி, கிலேதார் ஆகிய இருவரும் இறுதிவரை அவருடன் நின்றவர்கள். இளமையில் சிலம்பம், வாள் வீச்சு, வில், குதிரையேற்றம் ஆகியவற்றோடு துப்பாக்கி சுடுதலையும் சகோதரர்கள் கற்றனர். சிவன்மலையை அடுத்த பட்டாலிக் காட்டில் ஊர் இளைஞர்களைத் திரட்டிப் பயிற்சி அளித்ததாகச் செவிவழிச் செய்திகள் கூறுகின்றன.

பெயர் வந்த கதை

அக்காலத்தில் கொங்கு நாடு மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை நாயக்கர் கையிலிருந்து உடையார் மன்னர்களிடம் சென்ற இப்பகுதி, 1761க்குப் பின் ஐதர் அலியின் அதிகாரத்துக்குள் வந்தது. வரிப்பணம் சங்ககிரிக் கோட்டைக்குக் கொண்டு செல்லப்படும். அவ்வாறு சென்ற வரிப்பணத்தை இளைஞரான தீர்த்தகிரி வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குப் பங்கிட்டார் என்றும், யார் பறித்தது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை பறித்ததாகத் திவானிடம் சொல்லுமாறு பணியாளர்களிடம் கூறி அனுப்பினார் என்றும் கதை வழங்குகிறது. அன்று முதல் சின்னமலை என்ற பெயர் நிலைத்தது என்பர்.

இக்கதையை ஏற்றுக்கொண்டால், மைசூரின் வரியைப் பறித்தவரே பின்னர் மைசூரின் படையில் சேர்ந்தார் என்றாகிறது. இதில் முரண் காணத் தேவையில்லை. ஐதர் 1782 டிசம்பரில் மறைந்து திப்பு ஆட்சிக்கு வந்தபின் நிலைமை மாறியது. 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குச் சென்றன. காவிரிக்கு மேற்கே இருந்த கோவைப் பகுதி திப்புவிடம் எஞ்சியது. அதாவது ஏழு ஆண்டுகள் கொங்கு நாட்டின் நடுவே ஓடும் ஆறே இரு அரசுகளின் எல்லையாக இருந்தது. தமது ஊரிலிருந்து ஒரு நாள் நடையில் அடுத்த அரசின் படை நிற்பதைச் சின்னமலை கண்கூடாகப் பார்த்தார்.

மைசூர்ப் படையில்

சின்னமலை கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு மைசூர் சென்றார். 1799இல் நடந்த நான்காம் மைசூர்ப் போரில் மழவல்லி, சீரங்கப்பட்டணம் ஆகிய இடங்களில் கொங்குப் படை போரிட்டதாகக் கூறப்படுகிறது. மழவல்லிப் போர் மார்ச் 27 அன்று நடந்தது. மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டார்.

இக்காலம் சின்னமலைக்குப் பெரிய பள்ளிக்கூடமாக அமைந்தது எனலாம். அன்றைய இந்திய அரசுகளில் ஆயுதத் தொழிலில் மிகவும் முன்னேறியிருந்தது மைசூரே. பிரெஞ்சுக் கைவினைஞர்கள் அங்கே பணிபுரிந்தனர். மேலைநாட்டு முறையிலான சக்கிமுக்கித் துப்பாக்கிகள் அங்கேயே செய்யப்பட்டன. இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையைச் சிதறடிப்பதில் பங்கு பெற்றன. பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்த ராக்கெட்டுகளைப் பார்த்தே வில்லியம் காங்கிரீவ் தமது ராக்கெட்டை உருவாக்கினார். இத்தகைய பட்டறைகளைக் கண்ட ஒருவர் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பட்டறை தொடங்கியதில் வியப்பில்லை.

ஓடாநிலைக் கோட்டையும் பட்டறையும்

திப்புவின் வீழ்ச்சியால் கோவைப் பகுதியும் கம்பெனிக்குச் சென்றது. ஊர் திரும்பிய சின்னமலை அறச்சலூருக்கு அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டினார். சீரங்கப்பட்டணத்திலிருந்து தப்பி வந்த போர்வீரர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் பீரங்கி முதலிய போர்க்கருவிகள் அங்கே செய்யப்பட்டன என்பது கொங்கு வரலாற்று நூல்களில் தொடர்ந்து சொல்லப்படும் செய்தி.

இது நடக்கக்கூடியதா என்று கேட்போர் கொங்கு நாட்டின் இரும்புத் தொழிலை நினைவில் கொள்ள வேண்டும். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்பு, எஃகு உலைகள் கிடைத்துள்ளன. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாது புகழ் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஊருக்கு ஊர் சிறிய உலைகளும் கொல்லர்களும் இருந்தனர்.

ஆயினும் கலப்பைக் கொழு அடிப்பதும் துப்பாக்கிக் குழல் அடிப்பதும் ஒன்றல்ல. நாட்டு உலையில் இரும்பு உருகி ஓடாது. பஞ்சு போன்ற கட்டியாகவே வெளிவரும். அதைப் பலமுறை காய்ச்சி அடித்துக் கசடு நீக்கிப் பட்டையாக்க வேண்டும். அப்பட்டையை ஓர் உருளைக் கம்பியின் மேல் சுற்றி, விளிம்புகளைப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தால் குழல் கிடைக்கும். ஒட்டு சரியாக அமையாத ஓர் அங்குலம் போதும், சுடுபவரின் கையும் கண்ணும் போய்விடும். பீரங்கியையும் இவ்வாறே இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் இணைத்துச் செய்யலாம். தஞ்சைப் பீரங்கி மேட்டில் இன்றும் காணப்படும் இராசகோபாலப் பீரங்கி அவ்வாறு அடித்துச் செய்யப்பட்டதே. ஏறத்தாழ 22 டன் எடையுள்ள அது நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது. வெண்கலத்தில் வார்ப்பது மற்றொரு முறை. வெண்கலம் ஏறத்தாழ 950 பாகை செல்சியசிலேயே உருகிவிடுவதால், சிலை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது கைவந்த வேலை.

துப்பாக்கியைப் பேணுதல்

அன்று இருவகைத் துப்பாக்கிகள் வழக்கில் இருந்தன. ஒன்று திரித் துப்பாக்கி. இதில் எரிந்துகொண்டே இருக்கும் திரி ஒன்று குதிரையில் செருகப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் திரி தாழ்ந்து, குழலின் பக்கவாட்டில் உள்ள கிண்ணத்து மருந்தைத் தொடும். மற்றொன்று சக்கிமுக்கித் துப்பாக்கி. இதில் கல் எஃகில் உரசித் தீப்பொறி எழுப்பும். கம்பெனிச் சிப்பாய்களிடம் இருந்தது இரண்டாம் வகை. அதன் குழல் விட்டம் 0.75 அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர். பயிற்சி பெற்ற சிப்பாய் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவார். எனினும் நூறு கசத்துக்கு அப்பால் தனி மனிதர் ஒருவரைக் குறிபார்த்து வீழ்த்துவது பெரும்பாலும் தற்செயலே. ஆகவே வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டனர்.

திரித் துப்பாக்கியை ஊர்க் கொல்லரே பழுது பார்க்கலாம். அதில் வில்கம்பி நுட்பமோ கல்லோ தேவையில்லை. நீண்ட, தடித்த குழல் உடையதாயின் கம்பெனித் துப்பாக்கியைவிடத் தொலைவாகவே குண்டு செல்லும். ஆனால் மழையில் திரி அணைந்துவிடும். இரவில் திரியின் கனல் தொலைவிலிருந்தே தெரியும். அதன் வாடையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

வெடிமருந்து மூன்று பொருள்களின் கலவை. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம் என்பது பொதுவான அளவு. வெடியுப்பை மாட்டுத் தொழுவம், பழைய மண்சுவர் ஆகியவற்றின் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கலாம். ஆடு மாடு நிறைந்த கொங்கு நாட்டில் அதற்குக் குறைவில்லை. கரி எங்கும் கிடைக்கும். கந்தகம் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். துறைமுகங்கள் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருந்த நிலையில், எதிர்ப்பாளர்களின் ஆயுதச் சங்கிலியில் மெலிந்த கண்ணி இதுவே எனலாம்.

துப்பாக்கி வைத்திருப்பதைவிட அதைச் சுடும் நிலையில் வைத்திருப்பது கடினம். கருநிற வெடிமருந்து முழுமையாக ஆவியாவதில்லை. எரிந்த பின் அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி திண்மமாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு புகையாக வெளியேற, மீதி குழலின் உட்சுவரில் கசடாகப் படிகிறது. பத்துப் பதினைந்து முறை சுட்டபின் குண்டு உள்ளே இறங்க மறுக்கும். கம்பெனித் துப்பாக்கியின் குழல் விட்டத்தைவிடக் குண்டைச் சிறிதாக, ஏறத்தாழ 0.69 அங்குலமாக வைத்திருந்ததற்குக் காரணம் இதுவே. குறி தவறினாலும் விரைவாக நிரப்ப முடியும். மேலும் அக்கசடு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஓரிரவு அப்படியே விட்டால் குழலுக்குள் துரு ஏறிவிடும். எனவே சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். தீ செல்லும் சிறு துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். அத்துளை அரிப்பால் பெரிதாகிவிட்டால் வேகம் குறைவதோடு, பக்கத்தில் நிற்பவர் மேல் நெருப்புப் பாயும். சக்கிமுக்கிக் கல்லையும் இருபது முப்பது முறைக்கு ஒருமுறை மாற்றவோ கூர்தீட்டவோ வேண்டும். மருந்து நனையாமல் இருக்க மாட்டுக்கொம்பில் அடைத்து வைப்பது வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கொங்குச் சமவெளி வறண்டது. விவசாயிக்குக் குறையான இது வெடிமருந்துக்கு நன்மையாயிற்று.

இவ்வளவு வேலையையும் கம்பெனிப் படையில் ஆயுதக் கிடங்கும் சம்பளக் கம்மியர்களும் கவனித்தனர். ஓடாநிலையில் இதே வேலையை ஓர் ஊர் செய்ய வேண்டியிருந்தது.

சத்தமும் புகையும்

பதுங்கித் தாக்குபவருக்குத் துப்பாக்கி இருமுனைக் கத்தி. ஒருமுறை சுட்டவுடன் வெண்புகை எழுந்து சுட்டவரின் இடத்தைக் காட்டிவிடும். வெடிச்சத்தம் அடுத்த ஊர்வரை கேட்கும். அதன்பின் மீண்டும் நிரப்ப அரை நிமிடமேனும் ஆகும். ஆகவே காவலாளை ஓசையின்றி வீழ்த்த வேண்டிய இடங்களில் வில், கத்தி, ஈட்டி ஆகியவற்றின் தேவை குறையவே இல்லை. சின்னமலையின் ஆட்கள் துப்பாக்கியோடு பழைய ஆயுதங்களையும் கைவிடாததைப் பிற்போக்காகக் கொள்ளக்கூடாது.

இச்சிக்கலுக்குத் தொழில்நுட்பத் தீர்வு வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஐரம் மாக்சிமின் மகன் ஐரம் பெர்சி மாக்சிம் 1909இல் அமெரிக்காவில் ஒலி அடக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குழல் வாயிலிருந்து சீறி வரும் வாயுவைச் சிறு அறைகளில் சுழலவிட்டு மெதுவாக வெளியேற்றுவதே அதன் தத்துவம். மோட்டார் வண்டியின் சைலன்சரும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. பின்னர் ஒலி அடக்கியைத் தனியே மாட்டாமல் குழலோடு சேர்த்தே அமைத்த துப்பாக்கிகள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அதிரடிப் படையினர் பயன்படுத்திய டி லைல் கார்பைன் அவ்வகையில் புகழ் பெற்றது. பர்மாவிலும் அது பயன்பட்டது. ஒலியின் வேகத்தை மிஞ்சாத கைத்துப்பாக்கித் தோட்டாவை அதில் இட்டதால், குண்டு காற்றைக் கிழிக்கும் வெடிப்பொலியும் எழவில்லை. இவ்வகையிலும் பேணுதலே பெரும்பாடு. ஒலி அடக்கியின் அறைகளில் கரி படிந்துகொண்டே இருக்கும். சின்னமலை காலத்துக் கருமருந்தாக இருந்திருந்தால் சில முறை சுடுவதற்குள் அவ்வறைகள் அடைத்துப் போயிருக்கும். குறைவாகப் புகையும் மருந்து 1880களில் வந்த பிறகே இத்தகைய கருவி நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

கோவைக் கோட்டைத் திட்டம்

1800இல் தென்னாட்டிலும் தக்காணத்திலும் கம்பெனி எதிர்ப்பாளர்கள் ஒரு கூட்டணியாகச் செயல்பட முயன்றனர். சிவகங்கையின் மருது சகோதரர்கள், விருப்பாட்சி கோபால நாயக்கர், மலபாரின் பழசி இராசா, மைசூரின் வடபகுதியில் படை திரட்டிய தூந்தாசி வாக் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். கொங்குப் பகுதியில் இதன் தூணாக இருந்தவர் சின்னமலை. கோவைக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றுவதே முதல் திட்டம். அதற்குக் குறிக்கப்பட்ட நாள் சூன் 3, 1800.

திட்டம் தோல்வியுற்றது. எதிர்பார்த்த வெளியுதவி வந்து சேருவதற்குள் கம்பெனி விழித்துக்கொண்டது. கைதானவர் பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10 அன்று தூந்தாசி வாக் ஆர்தர் வெல்லசுலியின் படையுடன் மோதி மாண்டார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இதே வெல்லசுலியே. 1801இல் கோபால நாயக்கரும், அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். கட்டபொம்மன் 1799 அக்டோபரிலேயே கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டுவிட்டார். ஆக, 1801 முடியும்போது தமிழகத்தில் எஞ்சி நின்ற பெருந்தலைவர் சின்னமலை ஒருவரே. கடற்கரையிலிருந்து தொலைவிலும், நட்பு அரசு எதுவும் அருகில் இல்லாமலும் அவர் இருந்தார்.

மூன்று போர்கள்

அந்நிலையிலும் 1801இல் ஈரோட்டுக் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் நடந்த மோதல்களில் சின்னமலையின் படை வென்றது என்பர். அறச்சலூர்ப் போரில் எறிகுண்டுகள் வீசப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. மட்கலத்திலோ இரும்பு ஓட்டிலோ மருந்தை அடைத்துத் திரி வைத்து எறிவதே அக்காலத்து எறிகுண்டு. நல்ல துப்பாக்கிக் குழல் செய்வதைவிட இதைச் செய்வது எளிது. பட்டறை வசதி குறைந்த படைக்கு இது பொருத்தமான ஆயுதமே. இப்போர்களில் கருப்பசேர்வை படைத்தலைவராக விளங்கினார். பத்தே முகம்மது முதலியோரும் உடன் நின்றனர். சாதி, சமயம் கடந்த இச்சேர்க்கை குறிப்பிடத்தக்கது.

இதன்பின் கம்பெனி பெரும் பீரங்கிப் படையைக் கள்ளிக்கோட்டையிலிருந்து ஓடாநிலைக்கு அனுப்பியது என்று கூறப்படுகிறது. மண்கோட்டை எதுவாயினும் பெரிய பீரங்கிகளின் முன் நெடுநாள் நிற்க முடியாது. ஆனால் படை வந்தபோது கோட்டை வெறுமையாக இருந்தது. ஆங்கிலேயர் பாசறையில் இருந்த வேலப்பன் முன்னதாகவே செய்தி அனுப்பினார் என்றும், அச்செய்தி செருப்புக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது என்றும் வழக்குக் கதைகள் கூறுகின்றன. செருப்பில் ஓலை வைத்துத் தைத்த பொல்லானின் பெயரும் இக்கதையோடு சேர்ந்தே வழங்குகிறது. உண்மை வெளிப்பட்டதும் உளவு சொன்னவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பர். ஓடாநிலைக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. பட்டறையும் அத்துடன் முடிந்தது.

கைதும் தூக்கும்

ஓடாநிலையை விட்டு வெளியேறிய சின்னமலை பழனி மலைத்தொடரில் உள்ள கருமலைக்குச் சென்று மறைந்து வாழ்ந்தார். கோட்டையும் பட்டறையும் இல்லாத நிலையில் கையிலிருந்த சில ஆயுதங்களே துணை. சமையற்காரராக இருந்த நல்லப்பன் என்பவர் கம்பெனியின் ஆசை வார்த்தைக்கு இணங்கிக் காட்டிக்கொடுத்தார் என்பது எல்லாக் கதைகளிலும் காணப்படும் செய்தி. உணவு உண்ண அமர்ந்த வேளையில், ஆயுதங்கள் கைக்கெட்டாத நிலையில் பிடிபட்டார் என்பர். களத்தில் துப்பாக்கியால் வீழ்த்த முடியாதவரை அடுக்களை வழியாகப் பிடித்தனர் என்று கொங்கு நாட்டில் இன்றும் சொல்வதுண்டு.

சின்னமலையும் அவருடைய தம்பிமாரும் கருப்பசேர்வையும் சங்ககிரிக் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டு, சூலை 31, 1805 அன்று தூக்கிலிடப்பட்டனர். இளமையில் அவர் வழிமறித்த வரிப்பணம் செல்ல வேண்டிய இடமும் இதே சங்ககிரிதான். நான்கு மாதங்களுக்குப் பின், நவம்பர் 30 அன்று பழசி இராசாவும் வயநாட்டுக் காட்டில் மாண்டார்.

அவர் தூக்கிலிடப்பட்டது ஆடி மாதம் 18ஆம் நாள், அதாவது ஆடிப்பெருக்கு. இன்றைய ஆடிப்பெருக்கு ஆகஸ்டு 2 அல்லது 3இல் வருவதைக் கண்டு இரண்டில் ஒரு தேதி தவறு என்று சிலர் ஐயுறுவர். தவறு ஏதுமில்லை. தமிழ் ஆண்டு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டதால் ஆங்கில ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீண்டது. இவ்வேறுபாடு இருநூறு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று நாள்களாகிறது. 1805இல் ஆடி 18 சூலை இறுதியில் வந்தது இதனாலேயே.

ஆயுதப் பறிப்பு

பாளையக்காரர் போர்களின் விளைவு தூக்கு மரங்களோடு நிற்கவில்லை. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்யவும் ஆணையிட்டது. அதுவரை ஊர்க்காவல் என்பது ஊராரின் கையில் இருந்த ஆயுதத்தைச் சார்ந்தது. படிப்படியாக அந்நிலை மாறியது. நாடு முழுமைக்குமாக 1878இல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கு அச்சட்டத்தில் விலக்கு இருந்ததால் தேசிய இயக்கத்தார் அதைக் கடுமையாக எதிர்த்தனர். கொங்கு நாட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத குடகு நாட்டவருக்கு ஆங்கிலேயர் அளித்த விலக்கு மட்டும் இன்றும் தொடர்கிறது. எதிர்த்தவரிடம் பறிப்பதும் இணங்கியவரிடம் விட்டுவைப்பதும் அன்றைய கொள்கையாக இருந்ததை இதிலிருந்து அறியலாம்.

விடுதலைக்குப் பின் 1959இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டமே இப்போது நடைமுறையில் உள்ளது. பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் மாவட்ட ஆட்சியர் வழியாக உரிமம் பெறலாம். தேர்தல் காலங்களில் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். ஒலியையும் தீயொளியையும் குறைக்கும் கருவிகளை ஆயுத விதிகள் தடை செய்யப்பட்ட பிரிவில் வைத்துள்ளன. தாளவாடி, சத்தியமங்கலம் போன்ற காட்டோர ஊர்களில் யானையும் பன்றியும் பயிரை அழிப்பதும், அதற்கெதிராகத் துப்பாக்கி வைத்திருப்பது சரியா என்பதும் இன்றும் தீராத விவாதமாக உள்ளன.

நினைவு

ஓடாநிலையில் சின்னமலைக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் அங்கும் சங்ககிரியிலும் மக்கள் கூடி மரியாதை செலுத்துகின்றனர். சென்னையில் அவருக்குச் சிலை உள்ளது. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் 1997 வரை அவரது பெயரைத் தாங்கியிருந்தது. இருநூறாவது நினைவு நாளான சூலை 31, 2005 அன்று இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. வரலாற்றாய்வாளர் புலவர் செ. இராசு கொங்கு நாட்டு ஓலைகளையும் செப்பேடுகளையும் தேடித் தொகுத்து வெளியிட்ட பணி, சின்னமலை காலத்துக் கொங்கு வரலாற்றைப் படிப்போருக்குப் பெரிதும் உதவுகிறது. சங்ககிரி மலைக்கோட்டையின் மதில்களும் வாயில்களும் இன்றும் பெருமளவு நிற்கின்றன. மலையடிவாரத்திலிருந்து படியேறிச் சென்று அவற்றைக் காணலாம்.